அந்த நடை என்னுடையது அல்ல

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். "அப்பா, ஒரு வாரமா உங்க நடை ரொம்பக் கொறஞ்சிருக்கே, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாய். வாட்ச்சில் சார்ஜ் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்று போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சார்ஜ் நன்றாகத்தான் நிற்கிறது. நீ வாங்கிக் கொடுத்த பொருளில் ஒரு குறையும் கிடையாது. உண்மை என்னவென்றால், இந்த ஒரு வாரமாகத்தான் அந்த வாட்ச்சில் என் நடை ஏறுகிறது. அதற்கு முன்னால் புரட்டாசியிலிருந்து உன் போனில் பார்த்துப் பார்த்து நீ சந்தோஷப்பட்டாயே, அந்த நடை முழுக்க நம் தெரு காதர் பாயுடையது. அதற்கும் முன்னால், சீசன் மாதங்களில் ஏறியது, சொல்லவே கூசுகிறது, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுகிறவரின் கைவேலை. இதைப் போனில் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் வேறு ஏதாவது பேசிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். "எழுதுதது எழுதுதிய, பாதியை முழுங்காம எழுதுங்க" என்று அடுப்படியிலிருந்து உன் அம்மா சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

என் தோள்வலி எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். போன வருஷம் பரணிலிருந்து என் அம்மாவின் பித்தளை அண்டாவை இறக்கும்போது வலது தோளில் சுளீர் என்றது. நாலு நாளில் போக வேண்டிய சுளுக்கு. போகவில்லை. தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது, பிறகு முதுகுப் பட்டைக்கு இறங்கியது. தலை சீவக் கை தூக்க முடியாமல் தலையைக் கைக்குக் குனிந்து கொடுத்தேன். டாக்டர் கொஞ்ச நாளைக்கு மாத்திரை எழுதிவிட்டு, மாத்திரையால் மட்டும் இது தீராது, தினமும் நடக்க வேண்டும், தோளுக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் அந்தப் பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். என் தோளை அங்கங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, "வலிக்குன்னு தோளைச் சும்மாவே வச்சிருக்கியளா சார்? சும்மா இருக்க தசையிலதான் வீக்கம் குடியிருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதை உனக்கு எழுதியே ஆக வேண்டும். அன்று நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை. அடிபட்ட தசையில் வீக்கம் வருவது நல்லதுக்குத்தானாம். கல்யாண வீட்டில் ஒத்தாசைக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி, வேலை முடிந்ததும் அது கிளம்பிவிட வேண்டும். கிளம்பாமல் தங்கிவிட்டால் அதுவே தொல்லை. அப்புறம் லேசாகத் தொட்டாலே நரம்பு வலி வலி என்று கத்தப் பழகிவிடும். தினமும் அளவாக வேலை வாங்கிய தசைக்குள் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. வீக்கத்தைக் கிளறிவிடுகிற அணுக்கள் அடங்கி, ஆற்றி அமர்த்துகிற அணுக்கள் வேலைக்கு வருகின்றன. வெளியிலிருந்து மருந்து தடவிச் செய்ய முடியாததை, வேலை செய்கிற தசை தனக்குத்தானே செய்துகொள்கிறது. வலி வந்த பிறகு ஆரம்பித்தாலும் பலன் உண்டு. வருவதற்கு முன்பே பழக்கம் இருந்தால், அடியே பட்டாலும் அது நாள்பட்ட வலியாக மாறுவது குறைவு. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, சுவரில் விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்றச் சொன்னாள். நான் இரண்டு தடவை ஏற்றிவிட்டு, வலிக்கிறதம்மா என்று கையை இறக்கிவிட்டேன். அடுத்த வாரம் அங்கே போகவே இல்லை. உன்னிடம் மட்டும் போனதாகச் சொன்னேன்.

ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிதான். என் அப்பா ஆய்க்குடி வயலில் சேற்றில் நின்றவர். எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்தபோது அவர் ஊரெல்லாம் சொன்ன ஒரே வார்த்தை, "மேலு நோகாத உத்தியோகம்". அதைவிடப் பெரிய பட்டம் எங்கள் வீட்டில் கிடையாது. மேலு நோகாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே என் சர்வீஸ் முழுவதையும் கழித்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் மணி அடித்தேன். காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கையை வீசி நடக்கிறவர்களைப் பார்த்தால், வேலையற்றவன் நடக்கிறான் என்று ஆபீஸில் சேர்ந்து சிரித்திருக்கிறோம். உனக்கு வேலை கிடைத்த அன்று உன் தலையில் கை வைத்து நானும் அதையே சொன்னேன்: மேலு நோகாமல் இருப்பா. என்ன ஒரு ஆசீர்வாதம். உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தும் தோளும் இறுகிப்போகட்டும் என்று சொன்னதற்குச் சமம். நான் அறிந்து சொல்லவில்லை. ஆனால் சொன்னது நான்தான்.

வைகாசிக் கடைசியில் நீ அந்த வாட்ச்சையும் ஒரு ஜோடி ஷூவையும் வாங்கி வந்தாய். நடந்தால் உன் போனில் தெரியும் என்றாய், தண்ணீரிலும் கட்டிக்கொள்ளலாம் என்றாய். நீ கிளம்பின பிறகு சாரல் ஆரம்பித்தது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது. நம் ஊர்க்காரனுக்கு மேல்வலி என்றால் வேறு என்ன தோன்றும்? எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் எந்த வலியும் போய்விடும் என்றுதான் நானும் பஸ் ஏறினேன். ஐந்தருவியில் கல்லில் குப்புறப் படுத்தேன். தேய்க்கிறவர் என் வாட்ச் கட்டிய கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை மேலும் கீழுமாக இழுத்து இழுத்துத் தேய்த்தார். பிறகு அருவிக்குள் போய், வலிக்கிற தோளையே தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வீங்கின தோளில் அத்தனை தண்ணீர் விழுவதை வைத்தியம் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது நீ கூப்பிட்டாய். "அப்பா, இன்னைக்கு அசத்திட்டிய, நல்லா நடந்திருக்கிய" என்றாய்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அன்று நான் நடந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவிக்கரை வரை, அவ்வளவுதான். அப்புறம்தான் கையைப் பார்த்தேன். அவர் தேய்த்த தேய்ப்பையெல்லாம் அந்த வாட்ச் நடை என்று எண்ணியிருக்கிறது. அந்த இடத்தில் சிரித்துவிட்டு உன்னிடம் சொல்லியிருந்தால், உன் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்திருக்கும். நான் "ஆமா, கொஞ்சம் நடந்தேன்" என்றேன். உன் குரலில் இருந்த சந்தோஷத்தை விட மனசு வரவில்லை. அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை ஐந்தருவி போனேன். வாட்ச் கட்டிய இடது கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கச் சொல்லிக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வலி இருந்தது வலது கையில். தேய்த்த அன்றைக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் காலையில் சட்டை மாட்டும்போது வலி பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும்.

ஆவணி போனதும் அருவி மெலிந்தது. உன் போனில் என் நடையும் மெலிந்தது. நீ தினமும் விசாரிக்க ஆரம்பித்தாய். அப்போதுதான் காதர் பாய் என் கண்ணில் பட்டார். சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், சர்க்கரைக்காக நடக்கிறவர். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு யானைப்பாலம் தாண்டி, மேலகரம் வழியாகக் குற்றாலம் வரை போய் பஸ்ஸில் திரும்புவார். டீக்கடையில் வைத்து, இதில் ஏதோ கோளாறு, நாலு நாள் கட்டிப் பாருங்கள் என்று அவர் கையில் கட்டிவிட்டேன். நாலு நாள் நாலு மாதம் ஆனது. அவர் நடந்து முடித்து வருகிற வரைக்கும், நீ வாங்கித் தந்த ஷூவை மாட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அவர் வந்ததும் வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவர் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீ இந்தப் பொங்கலுக்கு வந்தபோது அந்த ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடையில் வாங்கினபடி இருந்தது. நீ வருவதற்கு முதல்நாள் அதை இடது கையால் எடுத்துப் பரணில் வைத்தது நான்தான். தோள் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் அந்தப் பொங்கலில்தான்.

இதுவரைக்கும் இது ஒரு கிழவனின் கள்ளத்தனம், அவ்வளவுதான். கார்த்திகையில் நீ சொன்னதுதான் என்னை உலுக்கியது. உனக்கும் கழுத்திலிருந்து தோள் வரை வலி, காலையில் எழுந்தால் கை மரத்துக் கிடக்கிறது, பல மாதமாக இருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை என்றாய். உன் டாக்டரும் உடற்பயிற்சிதான் என்று சொல்லியிருக்கிறார், நீயும் என்னை மாதிரியே தட்டிக் கழித்திருக்கிறாய். அப்புறம் சொன்னாய்: "உங்க நடையைப் பாத்து எனக்கு வெக்கமாப் போச்சுப்பா. இந்த வயசுல, இந்த வலியோட நீங்க நடக்கிய. எனக்கென்ன கேடு?" லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படி ஏற ஆரம்பித்திருக்கிறாய். காலையில் நடந்து, ரப்பர் பட்டையைக் கட்டித் தோளுக்குப் பயிற்சி செய்து, மார்கழி முடிவதற்குள் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னாய். எனக்கு நன்றி சொன்னாய், தம்பி. போனை வைத்துவிட்டு நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். உன் அம்மா என்னவென்று கேட்டாள். அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

அப்போதும் உன்னிடம் சொல்லவில்லை. தை மாதம் சுரண்டையில் உன் நிச்சயதார்த்தம் வந்தது. பெண்வீட்டுப் பந்தியில் உன் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கடையில் உட்கார்ந்தே இருக்கிறேன், எழுந்தால் வலி என்றார். நீ உடனே, "எங்க அப்பாவைப் பாருங்க மாமா, கையே தூக்க முடியாம இருந்தாவ, நடந்து நடந்தே சரியாக்கிட்டாவ" என்றாய். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, "அப்பா, கையைத் தூக்கிக் காட்டுங்க" என்றாய். என் வலது கை தோள் உயரத்துக்கு மேல் போகாது. அன்று காலையில் அந்தப் புதுச்சட்டையை எனக்கு மாட்டி, பித்தான் போட்டுவிட்டதே உன் அம்மாதான். "புதுச் சட்டைடே, அக்குள் கிழிஞ்சிரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். தாம்பூலத் தட்டுப் பக்கத்தில் நின்ற உன் அம்மா சிரிக்கவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. உன் மாமனார் என்னைத் தனியே உட்கார வைத்து, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், வெறும் வயிற்றிலா, எந்த வழியாகப் போவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். காதர் பாயின் காலை முழுவதையும் என்னுடையதாக அவருக்கு ஒப்பித்தேன். மேலகரம் பக்கம் காற்று எப்படி இருக்கும் என்று கூடச் சொன்னேன். நான் அங்கே நடந்து போனதே கிடையாது.

திரும்பி வரும்போது பஸ் கீழப்பாவூர் தாண்டியது. உன் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ள உங்களைப் பாத்து நடக்கான். நாளைக்கு இது தெரிஞ்சு, சீன்னு அவனும் விட்டுட்டான்னா, அந்த வலி திரும்பி வந்தா, அதை யாரு சொமப்பா? உங்களால உங்க கையையே தூக்க முடியல." என் வாயை அடைத்து வைத்திருந்த பயமும் அதுதான். பொய் தெரிந்தால் நீ நடப்பதை விட்டுவிடுவாய் என்று நினைத்துத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை மாதம் காதர் பாய் நடப்பார்? அடுத்த மாதம் ஜவுளி எடுக்க வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து குற்றாலம் வரை நடப்போம் என்று வேறு நீ சொல்லிவிட்டாய்.

ஆகையால் இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். உன் தோள் ஆறியது என் நடையால் அல்ல. என் நடை என்று ஒன்று இருந்ததே இல்லை. படி ஏறியது உன் கால், பட்டையை இழுத்தது உன் கை. நீ எந்தப் பொய்யைப் பார்த்து ஆரம்பித்தாய் என்று உன் தசைக்குத் தெரியாது. அதற்கு நீ கொடுத்த வேலை மட்டும்தான் தெரியும். நான் வாட்ச்சை ஏமாற்றினேன், உன்னை ஏமாற்றினேன், சுரண்டையில் ஒரு பந்தியையே ஏமாற்றினேன். என் தோளை ஒரு நாள்கூட ஏமாற்ற முடியவில்லை. அப்பன்மீது கோபம் வந்தால் என்மீது கோபப்படு, பேசாமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அந்தக் கோபத்தில் படி ஏறுவதை மட்டும் நிறுத்திவிடாதே. கல்யாண வேலை, அலுப்பு, லீவு இல்லை என்று நாலு நாள் விட்டால் அது நாலு மாதம் ஆகிவிடும். அந்த வழி எனக்கு நன்றாகப் பழக்கம். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணையும் நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரியத்தில் முடக்கிப் போடாதே. இரண்டு பேருமாக நடங்கள்.

போன வாரம் காதர் பாயிடம் போய் வாட்ச்சைக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாரியளா சார்?" என்றார். போனேன். யானைப்பாலம் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். என்னோடு ஆபீஸில் சிரித்தவர் ஒருவர் ஸ்கூட்டரில் போகும்போது ஷூவைப் பார்த்துவிட்டு, என்ன சார் புதுசா என்று கேட்டுவிட்டுப் போனார். காதர் பாய் எனக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தார், அது இன்னும் வெட்கமாக இருந்தது. பாலத்தோடு நான் திரும்பிவிட, அவர் மேலே போனார். மாடிப்படி ஏறி அந்தப் பிசியோதெரபிப் பெண்ணையும் பார்த்தேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன், மறக்கவில்லை. வலி குத்தினால் நிறுத்துங்கள், மந்தமாக இருந்தால் தொடருங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து மறுநாள் படுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். இப்போது தினமும் நடுவீட்டுச் சுவரில் விரலை ஏற்றுகிறேன். சுவிட்ச் போர்டு வரை வருகிறது. உன் அம்மா எதிரே நின்று, "இன்னும் கொஞ்சம்" என்கிறாள். அவள் இதில் தனி ருசி கண்டுவிட்டாள்.

உன் மாமனாரிடம் நானே சொல்லப் போகிறேன். நீ முந்திக்கொள்ளாதே, அந்த வெட்கத்தை நான்தான் பட வேண்டும். உன் போனில் இனிமேல் தெரிகிற நடை கொஞ்சமாகத்தான் இருக்கும், சில நாள் பார்க்கவே பாவமாக இருக்கும். ஏன் குறைந்தது என்று நீ கேட்கலாம். நிஜமான காரணத்தைச் சொல்வேன்.

நீ ஜவுளிக்கு வருகிற அன்று காலையில் கிளம்புவோம். குற்றாலம் வரை என்னால் வர முடியாது. யானைப்பாலம் வரை வருவேன், நடுவில் நின்றால் நீயும் நில். பாலத்தில் நான் நின்றுகொள்கிறேன், நீ உன் வேகத்தில் போ. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார். சுரண்டையில் கேட்டாயே, கையைத் தூக்கிக் காட்டுகிறேன். எது வரைக்கும் வருகிறதோ அதுவரைக்கும்தான்.

அப்பா